உம் கொட்ட ஓர் ஆள்

சகோதரிகளே, ஒரு கேள்வி கேட்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு எழுந்ததிலிருந்து வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்புகிற வரையில் உங்கள் கை சும்மா இருந்த நாள் உண்டா? இராது. கை ஓயாது, கால் ஓயாது. சில வீடுகளில் வாயும் ஓயாது. (என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) ஆனால் அத்தனை சந்தடியிலும் உடம்பில் ஓர் அங்கம் மட்டும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் காது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணுவதைத் தவிர அதற்கு வேறு உத்தியோகம் கிடையாது.

அந்தக் காதைக் குத்தகைக்கு எடுக்கத்தான் இன்றைக்கு உலகமெங்கும் போட்டா போட்டி நடக்கிறது. பாட்காஸ்ட் என்கிறார்கள். வலையொலி என்று தமிழில் சொல்பவர்களும் உண்டு. வானொலி என்பது ரயில் மாதிரி. அது வருகிற நேரத்துக்கு நாம் ஸ்டேஷனில் இருந்தாக வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் போச்சு. பாட்காஸ்ட் நம் வாசலில் நிற்கிற வண்டி. நாம் ஏறினால் புறப்படும், இறங்கினால் நிற்கும், வந்த வழியே திருப்பு என்றாலும் முகம் சுளிக்காமல் திரும்பும். யாரோ ஒருவர் பேசிப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றி வைக்கிறார். கைப்பேசி உள்ளவர்கள் தங்களுக்குச் சௌகரியமான வேளையில் கேட்கிறார்கள். சமாசாரம் இவ்வளவுதான்.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. 2004 பிப்ரவரியில் லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்பவர், ஐபாட் என்ற பாட்டுக் கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் முடிச்சுப் போட்டு இப்படி அழைக்கலாமா என்று போகிற போக்கில் எழுதினார். மறு வருஷமே அமெரிக்க ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அதை 2005-ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 2022-ல் ஐபாட் தயாரிப்பையே ஆப்பிள் கம்பெனி நிறுத்திவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. நம் ஊர்களில் வண்டிப்பேட்டை என்று ஓர் இடம் இருக்கும், மருந்துக்கு ஒரு மாட்டு வண்டிகூட இராது, பார்த்திருப்பீர்கள் அல்லவா? அந்த மாதிரி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், எங்கள் பெரியம்மாவால்.

பெரியம்மா சங்கரன்கோவிலில் இருக்கிறாள். கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் பழைய ஓட்டு வீடு, நடுவில் முற்றம். வயது எண்பத்திரண்டு. அவளுக்கு உலகத்தில் இரண்டு ஆசைகள். ஒன்று பூக் கட்டுவது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட் பேர் பெற்றதாயிற்றே. காலையில் யாராவது ஒரு பொட்டலம் பிச்சியோ மல்லிகையோ வாங்கி வந்து கொடுத்துவிட வேண்டும், வாழை நாரை நனைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கோமதி அம்மனுக்கு ஒரு சரம், வீட்டுப் படங்களுக்கு ஒரு சரம், வருகிற பெண்களுக்கு ஆளுக்கு ஒரு முழம். இன்னோர் ஆசை தொடர்கதை. இந்த மாதிரிப் பத்திரிகைகளின் தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் பிரித்து எடுத்து, அட்டை போட்டுத் தைத்து வைக்கிற வம்சம் அவளுடையது. அவள் தாயார் தைத்து வைத்த ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு, மணியம் வரைந்த படங்களோடு, இன்னும் அவள் பெட்டியில் இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்பு அவள் கண் மங்கத் தொடங்கியது. புரைதான், முற்றட்டும், அறுத்துக்கொள்ளலாம் என்று எல்லாருமே நினைத்துவிட்டோம். கடைசியில் பார்த்தால் அது கண் நீர் அழுத்த நோய். புரையென்றால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வெளிச்சம் திரும்பும். அழுத்தம் தின்ற பார்வை திரும்பவே திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொட்டு மருந்து. (உங்கள் வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் ஒரு முறை கண் அழுத்தம் பார்த்துவிடுங்கள். இந்தப் பத்தியில் வேறு எதைப் படிக்காமல் விட்டாலும் இதை விடாதீர்கள்.) பூக் கட்ட விரலே போதும். படிக்க?

அவள் பேத்தி, அதாவது என் அண்ணன் மகள், திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்க் காலேஜில் படிக்கிறாள். கெட்டிக்காரி. ஆச்சிக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தாள். கூடவே ஊரெல்லாம் தன்னைக் கேட்க வேண்டும் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒரே காரியம் என்று எண்ணிக்கொண்டு கல்கியின் ‘பொன்னியின் செல்வனை’ வாசித்துப் பாட்காஸ்ட்டாகப் போட ஆரம்பித்தாள். கல்கியின் எழுத்துக்களைத் தமிழக அரசு 1999-லேயே நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆறு வாரம் போட்டாள். கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் எங்கள் குடும்பம். நான் போயிருந்த சமயம் சாப்பிடாமல் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் திறமை இல்லை அத்தை. யாருமே கேட்க மாட்டேங்கிறாங்க” என்றாள்.

என்னதான் செய்திருக்கிறாள் என்று நானும் பெரியம்மாவும் உட்கார்ந்து கேட்டோம். முதலில் அரை நிமிஷம் தடபுடலாக மேளம், வயலின், அலை ஓசை. அப்புறம் “வணக்கம் மக்களே!” என்று ஒரு கூவல். அப்புறம் தான் யார், இந்த நிகழ்ச்சி என்ன, எங்கே கேட்கலாம், யாரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு நிமிஷம். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக் கரைக்கு வந்து சேர்வதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

பெரியம்மா கையில் பூவோடு கேட்டுக்கொண்டே இருந்தவள், “யாருட்டி இவ? ரேடியோப் பெட்டிக்குள்ளே தவறி விழுந்துட்டவ மாதிரி கத்துதா?” என்றாள்.

பேத்திக்கு அழுகை வந்துவிட்டது. பெரியம்மா அவளைத் தடவிப் பார்த்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

“ஏட்டி, நீ எனக்கா வாசிக்கே, ஊருக்கா வாசிக்கே?”

“ஊருக்குத்தான் ஆச்சி.”

“ஊரு எங்கட்டி இருக்கு? எனக்குத்தான் கண்ணு தெரியலை, உனக்குமா தெரியலை? இந்த முத்தத்துல நான் ஒருத்திதான் இருக்கேன். எனக்கு வாசி.”

நேயர்களே, ஒலி என்கிற இந்தத் தொழிலில் கொடி கட்டிப் பறந்தவர்கள் ஒவ்வொருவரையும் நினைத்துப் பாருங்கள். பெரியம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையில் அத்தனை பேரும் அடங்குகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்கள் சீமையில் இதற்கு முதல் உதாரணமாகத் தென்கச்சி கோ. சுவாமிநாதனைச் சொல்வேன். வேளாண்மைப் பட்டதாரி. 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்தில் விவசாயிகளுக்கான ஒலிபரப்பில் பல வருஷம் வேலை பார்த்தவர். பிறகு சென்னை நிலையத்துக்குப் போய் ‘இன்று ஒரு தகவல்’ சொல்ல ஆரம்பித்தார். சில நிமிஷப் பேச்சு. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, வாத்தியம் இல்லை, தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரிக்கிற வழக்கமும் இல்லை. பல் விளக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு சங்கதி சொல்கிற மாதிரி சொல்வார். கடைசியில் ஒரு குட்டிக் கதை. நாம் சிரிப்பதற்குள் அவர் போய்விட்டிருப்பார். 2009 செப்டம்பரில் காலமானார். கைப்பேசியில் அவர் குரலை இன்றும் ஜனங்கள் தேடிக் கேட்கிறார்கள். பாட்காஸ்ட் என்ற பெயர் பிறப்பதற்கு வெகு முன்பே அந்தக் கலையைக் கரைத்துக் குடித்தவர் அவர் என்பது என் அபிப்பிராயம். கழனிக்காரருக்கு உரம் போடுகிற விஷயத்தைப் புரிய வைத்துப் பழகிய நாக்கு அல்லவா? எதிரே ஒரு மனிதர் நிற்கிறார், அவருக்கு வேறு வேலை இருக்கிறது என்பது அந்த நாக்குக்குத் தெரியும்.

அடுத்தது இலங்கை வானொலி. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட தென்பாண்டிச் சீமைப் பெண்களிடம் இந்தப் பேரைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். 1952-ல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. அகில இந்திய வானொலியில் அது அருகிப் போயிற்று. காதுகளெல்லாம் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போய்விட்டன. அவற்றை மீட்டு வரத்தான் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி பிறந்தது என்றாலும், எங்கள் பக்கத்து வீடுகள் கொழும்பை லேசில் விடவில்லை. எஸ்.பி. மயில்வாகனனின் குரல், பின்னால் பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’, ‘இசையும் கதையும்’... பாட்டு எங்கேயும் கிடைக்கும். அங்கே கிடைத்தது வேறு: நம் பெயர். பிறந்தநாள் வாழ்த்திலும் நேயர் விருப்பத்திலும் ஊர் பேரோடு ஆள் பேரையும் சொல்வார்கள்.

பெரியம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அவள் தம்பி ஒரு கார்டு எழுதிப் போட்டானாம். ஒரு நாள் கொழும்பிலிருந்து சங்கரன்கோவில் என்றும் அவள் பெயர் என்றும் சொன்னார்களாம். தெருவே கேட்டது. பெரியம்மா மட்டும் கேட்கவில்லை. பின்கட்டில் ஆட்டுக்கல்லின் கடகடப்பில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். “அன்னிக்கு உளுந்தை யாரு கேட்டா?” என்று இன்றைக்கும் அங்கலாய்ப்பாள். அப்போது போனது போனதுதான். இப்போதென்றால் கையைக் கழுவிக்கொண்டு வந்து பத்துத் தடவை திருப்பிக் கேட்டிருக்கலாம்.

இதற்கெல்லாம் மூத்த உதாரணம் ஒன்று இருக்கிறது. கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டிருக்கிறீர்களா? திருநெல்வேலி சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் மேடைக்கும் கொண்டுபோய்ப் பிரபலமாக்கி 2021-ல் பத்மஸ்ரீ வாங்கி, மறு வருஷம் மறைந்தார். வில்லுக்குப் பின்னால் பிரதான பாட்டுக்காரர் ஒரு வரி சொல்வார்; பக்கத்தில் இருப்பவர் “ஆமா!” என்பார். அவருக்கு அதுதான் வேலை. சில சமயம் “அப்படியா?” என்று கேட்பார், “அதெப்படி?” என்று மடக்குவார். நமக்கு எங்கே சந்தேகம் வருமோ அங்கே நமக்குப் பதிலாக அவர் கேட்டுவிடுவார். இன்றைக்கு உலகத்தில் வெற்றி பெற்ற பாட்காஸ்ட்டுகளில் ஏராளமானவை இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறவை. எந்தக் கம்பெனியும் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. நம் அம்மன் கோயில் பந்தலில் இருந்தது.

பந்தல் வரைக்கும் போக வேண்டாம். குழந்தைக்குக் கதை சொல்லும்போது அது “உம்” கொட்ட வேண்டும். உம் நின்றால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள்: தூங்கிவிட்டது, அல்லது கதையில் சுவை போய்விட்டது. பாட்காஸ்ட் போடுகிறவர்களின் கஷ்டமே இதுதான். அவர்கள் எதிரே ஒரு கருவி இருக்கிறது. கருவி உம் கொட்டாது. கேட்கப் போகிறவரின் உம்மை முன்கூட்டியே மனசில் கேட்டு, அதற்கு இடம் விட்டுப் பேசத் தெரிந்தவர்கள் ஜெயிக்கிறார்கள். மற்றவர்கள் மைதானத்தில் நின்று கூவுகிறார்கள். காதுக்குள் சொருகிய கருவியில் கூவினால் என்ன ஆகும்? கழற்றி எறிவோம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2014 அக்டோபர் 3-ஆம் தேதி ‘சீரியல்’ என்று ஒரு பாட்காஸ்ட் ஆரம்பமாயிற்று. (விவித பாரதியும் அக்டோபர் 3. காதுக்கு ராசியான தேதி போலும்!) பேரைக் கவனியுங்கள்: தொடர்கதை. 1999-ல் பால்டிமோர் நகரில் நடந்த ஒரு பள்ளி மாணவியின் கொலை வழக்கை சாரா கேனிக் என்ற பெண் நிருபர் வாராவாரம் துருவிக்கொண்டு போனார். பன்னிரண்டு பகுதி. ஜெயிலில் இருப்பவர் குற்றவாளிதானா, இல்லையா? அதைக் கேட்க லட்சக்கணக்கானவர்கள் வாரம் முழுவதும் காத்திருந்தார்கள். வானொலி, டெலிவிஷன்காரர்களுக்குக் கொடுக்கிற பீபடி பரிசு ஒரு பாட்காஸ்ட்டுக்கு முதன்முதலாகக் கிடைத்ததும் அதற்குத்தான்.

மர்மம் என்பதால் ஓடியது என்று சொல்லிவிடலாம். மர்மக் கதைக்கு அந்த நாட்டில் பஞ்சமா? அந்த அம்மாள் செய்த புதுமை வேறு. எனக்கு எல்லாம் தெரியும் என்கிற தோரணையில் அவர் பேசவில்லை. போன வாரம் இவரை நம்பினேன், இந்த வாரம் சந்தேகமாக இருக்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிற பாவனையில், சிநேகிதியிடம் சொல்வது போலச் சொன்னார். கேட்டவர்கள் தங்களையும் விசாரணைக் கூட்டாளிகளாக எண்ணிக்கொண்டார்கள். இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. நமக்குத்தான் அது தொடர்கதை. செத்துப்போன பெண்ணின் வீட்டாருக்கு? வாரம் ஒரு முறை தங்கள் துக்கத்தை ஊரார் காப்பியோடு கேட்பதை அவர்கள் எப்படித் தாங்கினார்களோ! ஜெயிலில் இருந்தவர் 2022-ல் வெளியே வந்தார். வழக்கின் இழுபறி அதற்குப் பிறகும் தொடர்ந்தது. இதைப் பார்த்து அப்புறம் கிளம்பிய கொலைப் பாட்காஸ்ட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ராத்திரியில் கேட்டால் தாழ்ப்பாளை மூன்று தரம் சரி பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்கு வேறு நல்ல சரக்கு இருக்கிறது. தீபிகா அருண் என்ற சென்னைப் பெண்மணியின் ‘கதை ஓசை’யைக் கேட்டுப் பாருங்கள். கல்கியின் நாவல்கள் உட்படத் தமிழ்க் கதைகளை வாசித்துத் தருகிறார். பாத்திரத்துக்குப் பாத்திரம் குரலில் சாயல் மாறும். ஆனால் நாடகக் கொட்டகை ஆகிவிடாது. ஒரு நல்ல அக்கா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி. கதைப் பாட்காஸ்ட்டுகள் தமிழில் இப்படிச் செழித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950-லிருந்து 1954 வரை ‘கல்கி’யில் வந்தபோது எத்தனை வீடுகளில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள்! பெரியம்மாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. பத்திரிகை வந்த அன்று சாயங்காலம் அவள் தாயார் விளக்கடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாளாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, பக்கத்து வீட்டு நெசவுக்காரப் பெண்கள், அவர்கள் இடுப்புக் குழந்தைகள் எல்லாரும் கேட்பார்களாம். ஆக, பெரியம்மாவுக்கு வந்தியத்தேவன் முதலில் வந்து சேர்ந்தது கண் வழியாக அல்ல.

சரி, பேத்தியின் விஷயத்துக்கு வருகிறேன். சில சகோதரிகள் தாங்களும் ஆரம்பிக்க எண்ணியிருக்கலாம், அவர்களுக்கும் உபயோகப்படும்.

மேளத்தை எடுத்துவிட்டோம். சினிமாப் பாட்டை ஒட்டுப் போட நினைக்காதீர்கள். உரிமைக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள். கதைக்கும் அப்படியே. நாட்டுடைமை ஆனவை, அல்லது ஆசிரியர் மறைந்து அறுபது வருஷம் கடந்தவை என்றால் கவலையில்லை. மற்றவற்றுக்கு அனுமதி வாங்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஸ்டூடியோ தேவையில்லை. அறையில் எதிரொலி கேட்டால் துணி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காருங்கள். மடித்து அடுக்கிய புடவைகள் எதிரொலியை விழுங்கிவிடும். (புடவை வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் கேள்விப்பட்டதில்லை.) ஃபேனை நிறுத்த வேண்டும். கைப்பேசியை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் ஒரு சாண் தூரத்தில் வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் புஸ் புஸ்ஸென்று காற்று மோதாது. முன்னுரையை வெட்டினோம். பெரியம்மா கணக்கில், வாசலில் வந்து நின்றவரை உள்ளே கூப்பிடாமல் வீட்டின் பெருமையைச் சொல்லக் கூடாது.

எவ்வளவு நேரம் என்று ஒரு விவாதம் நடந்தது. இருபது நிமிஷம் என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள். ஒரு பொட்டலம் பூ கட்டி முடிகிற நேரம். கேட்பவரின் கைவேலையை வைத்துத்தான் அளவு. பேசுபவரின் ஆசையை வைத்து அல்ல. அப்புறம் கிழமை. வெள்ளி என்றால் வெள்ளி. ஒரு வாரம் திங்கள், ஒரு வாரம் புதன் என்று போட்டால் பால்காரர் மேலே நம்பிக்கை போகிற மாதிரிப் போய்விடும். பணம் வருமா என்று கேட்பீர்கள். விளம்பரதாரர்கள் பெரிய கூட்டம் உள்ள இடத்துக்குத்தான் போகிறார்கள். பத்து, நூறு பேர் கேட்கிற இடத்தில் காசை எதிர்பார்க்க வேண்டாம்.

புது ஏற்பாட்டின்படி முதல் வெள்ளி, பேத்தி முற்றத்தில் ஆச்சிக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பேசியை அரிசி டின் மேல் வைத்து, பைண்டைப் பிரித்து வாசித்தாள். பெரியம்மா பூக் கட்டினாள். வாசித்து முடித்துப் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு பத்தி முடிவிலும் “உம்... உம்...” சில இடத்தில் “அடப் பாவி!” ஆழ்வார்க்கடியான் வந்தபோது ஒரு சிரிப்பு. பேத்தி உம்களையெல்லாம் வெட்டி எடுக்க உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் ஒன்பதுதான் வெட்ட முடிந்தது. அலுத்துப் போய் அப்படியே ஏற்றிவிட்டாள்.

அந்த உம் ஊரூராகப் போயிற்று. மூன்று மாதத்தில் கேட்பவர்கள் இருநூற்றுச் சொச்சம். உலகக் கணக்கில் இது தூசு. ஆனால் கடிதங்கள் வந்தன. வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிற தமிழ் நர்ஸ் ஒருத்தி, அந்த உம் யாருடையது, தன் ஆச்சியின் குரல் மாதிரியே இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தாள். ஒரு லாரி டிரைவர் தனக்கும் உம் கொட்டுகிற பழக்கம் வந்துவிட்டது, கிளீனர் சிரிக்கிறான் என்று எழுதினார். பேத்தி எல்லாவற்றையும் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினாள். பெரியம்மாவுக்காக அவள் ஒரு சின்ன ஸ்பீக்கரும் வாங்கி வந்தாள். கண் தெரியாதவள் பொத்தானை எப்படிக் கண்டுபிடிப்பாள்? அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டாள். விரலால் தடவிப் பார்த்து அமுக்கினால் பாடுகிறது.

போன மாசி மாதம் பெரியம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பத்து நாள். இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். எங்களுக்கு நம்பிக்கை இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது. வாசிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். “ஆச்சிதான் கிழமை தவறக் கூடாதுன்னு சொல்லியிருக்கா” என்று பேத்தி ஆஸ்பத்திரி மாடிப் படியில் உட்கார்ந்து தன்னந்தனியாக வாசித்தாள். கோடிக்கரையில் வந்தியத்தேவன் இலங்கைக்குப் போகப் படகு கேட்கிற கட்டம். நன்றாகவே வாசித்தாள். கேட்டபோது எனக்குத்தான் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் பகீர் என்றது.

மறு நாளே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஆச்சி எங்கே? ஆச்சிக்கு என்ன? அந்த நர்ஸ் பெண் என்ன மருந்து கொடுக்கிறார்கள், மூச்சு எப்படி இருக்கிறது என்று விசாரித்துத் தினம் எழுதினாள். சங்கரநாராயணரை வேண்டிக்கொள்கிறேன் என்று யாரோ ஒருவர் மலேசியாவிலிருந்து எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பாதி ஆளாக இருந்தாள். முற்றத்தில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். அத்தனை கடிதங்களையும் பேத்தி வாசித்தாள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டித் தடவினாள்; பூ வேண்டும் என்று புரிந்துகொண்டு நான் ஒரு பிடி பிச்சியையும் நாரையும் வைத்தேன். விரல் நடுங்கியது, இரண்டு பூ உதிர்ந்தது, மூன்றாவது நின்றது.

“ஏட்டி” என்றாள் பேத்தியைப் பார்த்து, “நான் இல்லாதப்ப நீ பாட்டுக்கு வாசிச்சிருக்கே. அந்தப் பிள்ளை பூங்குழலி படகை எடுத்தாளா, இல்லையா? எங்கெ விட்டோம்?”